ஆணிக்கு மேலே, ஆணிக்குக் கீழே

லென்ஸக்காவுக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் இல்லை. அலுவலக வருகைப் பதிவேட்டில் அது இருந்தது. ஆனால் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் எந்நேரமும் தொங்கிய சின்ன லென்ஸ் ஒன்று அந்தப் பெயரைத் தின்றுவிட்டது. வாட்ச்மேனிலிருந்து பெரிய அதிகாரி வரைக்கும் வன அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் லென்ஸக்காதான். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் அந்த அலுவலகத்தின் ஜீப் டிரைவர். பதினெட்டு வருஷம் அவரைக் காட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்கியிருக்கிறேன். அவரைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவருக்கு வந்த கேட்டில் என் வாய்க்கும் ஒரு பங்கு உண்டு, அந்தத் தகுதிதான் என்பேன்.

அவர் வேலை, மரத்தில் லைக்கன் எண்ணுவது. பழைய மரங்களின் பட்டையில் சாம்பலும் பச்சையுமாக ஒட்டிக்கொண்டிருக்குமே, பாசி என்று சொல்லிவிட்டு நாம் தாண்டிப் போவோமே, அதுதான். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்கிற உயிர் என்று முதல் நாளே எனக்குச் சொன்னார்.

"புருஷன் பொண்டாட்டி மாதிரியாக்கா?"

"அவங்களுக்குக் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போகத் தெரியும். இதுங்களுக்கு அதுகூடத் தெரியாது தம்பி."

அவருடைய மகள் வேறு ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். அம்மாவுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்பவர்களிடம், "மரத்துக்கு வந்த தேமலை எண்ணுறாங்க" என்பாளாம். அக்காவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

லைக்கனில் நூறு வகை இருந்தாலும் எனக்காக அக்கா மூன்றாகச் சுருக்கிவைத்திருந்தார். பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடப்பது பொருக்கு. கிளையிலிருந்து நரைமயிர் போலத் தொங்குவது தாடி. உள்ளங்கை அகலத்துக்கு மடிப்பு மடிப்பாக விரிந்திருப்பது இலை. பொருக்குக்கு வெயில் பட்டால் கொண்டாட்டம், எங்கே வேண்டுமானாலும் பிழைத்துக்கொள்ளும். தாடிக்கும் இலைக்கும் அப்படியில்லை. அவற்றுக்கு வயதான மரம் வேண்டும், நிழல் வேண்டும், காற்றில் ஈரம் நிற்க வேண்டும். ஓர் இலை ஒரு வருஷம் முழுக்க வளர்ந்தாலும் நகக்கண் அளவுதான் நகரும். கைக்குட்டை அகலத்துக்கு ஒன்றைப் பார்த்தால், அது என் மகளைவிட மூத்தது என்று அர்த்தம் என்பார்.

எங்கள் காட்டை வெட்டுவதற்காகப் பங்கு பிரித்து நம்பர் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பங்குக்கும் கூப்பு என்று பெயர். முதல் பத்துக் கூப்புகள் எப்போதோ வெட்டப்பட்டு, மறுபடி நட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. அங்கே பொருக்கைத் தவிர ஒன்றும் கிடையாது. பன்னிரண்டாம் கூப்பு மட்டும் யார் கையும் படாமல் கிடந்தது. அதில் ஓர் ஓரத்திலிருந்து நடுக்காடு வரைக்கும் நேர்கோட்டில் அறுபது மரங்களை ஒரு பேராசிரியர் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார். பக்கத்திலிருந்த பதினோராம் கூப்பில் முப்பது மரங்கள். வெட்டினால் லைக்கனுக்கு என்ன ஆகிறது என்று வருஷா வருஷம் பார்த்து எழுதுவதுதான் திட்டம். பேராசிரியர் இரண்டு வருஷம் வந்தார். அப்புறம் முதுகுவலி வந்தது, பதவி உயர்வு வந்தது, அவர் வரவில்லை. மற்றதெல்லாம் அக்காவின் கால்தான். அவர் நடந்து நடந்தே அந்தக் கோட்டில் ஒரு தடம் விழுந்திருந்தது.

வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு அது தேவை. ஒவ்வொரு மரத்திலும் தலை உயரத்தில் ஓர் ஆணி. அந்த ஆணியில் எண் போட்ட ஒரு சின்னத் தகடு. அதே ஆணியில் ஒரு கம்பிச் சட்டத்தை மாட்டுவார். சட்டத்தில் குறுக்கே ஐந்து, நெடுக்கே பத்து, மொத்தம் ஐம்பது கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்று லென்ஸை வைத்துப் பார்த்துத் தாளில் டிக் போடுவார். அடுத்த வருஷம் அதே ஆணி, அதே சட்டம், அதே இடம். சட்டம் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் இருபது வருஷ உழைப்பு குப்பை என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அதனால் அக்காவுக்கு ஆணிதான் எல்லாம்.

அக்காவின் வீட்டுக்காரர் மரம் வெட்டுகிறவர். ஆமாம், நீங்கள் சிரிக்கலாம், ஊரே சிரித்தது. பெண்டாட்டி காப்பாற்றப் பார்க்கிறதைப் புருஷன் அறுக்கிறான் என்று. அக்கா என்றால் அவர் எனக்கு மாமாதானே, நானும் அப்படியே கூப்பிட்டேன். மரக்கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் மரத்தூள் வந்து பாத்திரத்தில் படியும். சாயங்காலம் அவர் ரம்ப மெஷினின் சங்கிலியைக் கழற்றி எண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொரு பல்லாக அரத்தால் தீட்டுவார். பக்கத்திலேயே அக்கா தாள்களை அடுக்குவார். சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

பதினோராம் கூப்பை வெட்டினார்கள். அது சர்வே தொடங்கி ஏழாவது வருஷம். ஏக்கருக்கு ஆறு மரத்தை விட்டுவிட்டு மற்றதை வெட்டுகிற புது முறை. விட்டுவைத்த மரத்தில் எல்லா உயிரும் தொற்றிக்கொண்டு பிழைத்துவிடும் என்றார்கள். வெட்டுவதற்கு முன்னால் அங்கிருந்த முப்பது மரங்களிலும் ஆணியைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரம்பத்துக்கு ஆபத்து. அக்கா இருபத்தொன்பது ஆணிகளைப் பிடுங்கினார். ஒன்றைக் காணோம், அந்த மரத்தை இரண்டு வருஷமாகவே எண்ண முடியாமல் விட்டிருந்தார். ஏழு வருஷத்தில் பட்டை வளர்ந்து மூடியிருந்தது, தகடும் எப்போதோ விழுந்துபோயிருந்தது. "கிடைக்கவில்லை" என்று தாளில் எழுதிவிட்டு வந்தார். உண்மையைத்தான் எழுதினார். ஆனால் ரம்பம் தாளைப் படிக்காதே.

அந்த ஆணியில் பட்டது மாமாவின் மெஷின். சங்கிலி அறுந்து, சாட்டை மாதிரி திரும்பி, முகத்தில் அடித்தது. இடது கண் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் அக்காவைக் கூட்டிப்போனேன். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. கூட வேலை செய்தவர்கள் அந்த ஆணியைத் தோண்டி எடுத்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். இரும்பு ஆணி, தலை நசுங்கியது. மாமா அதைக் காட்டிக் கேட்டார்.

"உன் ஆணியா?"

"ஆமா."

"நல்லா ஆழமாத்தான் அடிச்சிருக்க."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் அவர் மாமாவின் இடது பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த மாதமே ஒரு முடிவுக்கு வந்தார். பன்னிரண்டாம் கூப்பில் இருக்கிற அறுபது மரத்திலும் இரும்பு ஆணி இருக்கக் கூடாது. நாளைக்கு அதையும் வெட்டினால் வேறு யார் கண்ணோ. ஆணிக் கடைக்காரர் யோசனை சொன்னார்: செம்பு ஆணி போடுங்க, செம்பு மிருதுவானது, ரம்பம் பட்டாலும் ஆணிதான் அறுபடும், பல்லுக்கு ஒண்ணும் ஆகாது. பேராசிரியருக்கு எழுதிக் கேட்டோம். துருவும் பிடிக்காது, நல்லதுதான் என்று பதில் வந்தது. பத்து நாள் வேலை. ஒவ்வொரு பழைய ஓட்டையிலும் இரும்பைப் பிடுங்கிச் செம்பை அடித்தார். நான் ஆணிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதுச் செம்பு வெயிலில் மின்னியது. "இனிமே யாருக்கும் கெடுதல் இல்ல தம்பி" என்றார். நல்லது செய்கிறோம் என்று முழு மனதோடு நம்பிய ஒரு முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன். இப்போதும் அது கண்ணுக்குள் நிற்கிறது, எனக்குக் கோபமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பதினோராம் கூப்பில் விட்டுவைத்த மரங்கள் என்ன ஆயின என்பதையும் அக்கா எழுதினார். முதல் வருஷம் இலை ஓரம் சுருண்டது. இரண்டாம் வருஷம் காகிதம் மாதிரி வெளுத்தது. மூன்றாம் வருஷம் உதிர்ந்தது. நாலு பக்கமும் வெயிலும் காற்றும் புகுந்தால் ஈரம் எங்கே நிற்கும்? விட்டுவைத்த மரம் உயிரோடுதான் இருந்தது. அதன்மேல் குடியிருந்ததுதான் செத்தது.

ஆனால் அக்காவைத் தூங்கவிடாமல் செய்தது அதுவல்ல. வெட்டாத பன்னிரண்டாம் கூப்பிலும் லைக்கன் குறைய ஆரம்பித்தது. ஓரத்தில் மட்டுமில்லை, நடுக்காட்டிலும். ஐம்பது கட்டத்தில் நாற்பது என்பது முப்பத்தைந்து ஆயிற்று, முப்பது ஆயிற்று, இருபதுக்கு வந்தது. பக்கத்துக் கூப்பை வெட்டினால் அதன் கெடுதல் இவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று பேராசிரியர் கட்டுரை எழுதினார். அதைக் காட்டித்தான் பன்னிரண்டாம் கூப்பை வெட்டாமல் இத்தனை காலம் தள்ளிப்போட்டார்கள். இங்கே கைவைத்தால் மிச்சமும் போய்விடும் என்பது வாதம். அந்த வாதத்தின் முதுகெலும்பு அக்காவின் தாள்கள். இருபத்திரண்டாவது வருஷம் புதிதாக வந்த திட்ட அதிகாரி இதை ஒரு வழி பண்ணிவிடுவது என்று கிளம்பினார். மூன்று பேர் கொண்ட குழு விசாரித்து, வெட்டலாமா கூடாதா என்று முடிவாகச் சொல்லும். தேதி குறித்தார்கள். அக்காவையும் பேச அழைத்திருந்தார்கள்.

விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த வருஷத்துக் கணக்கை எடுக்கப் போயிருந்தோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அடுத்தவரைக் கெடுத்தேன். அக்கா முப்பத்தேழாம் மரத்தில் சட்டத்தை மாட்டிக்கொண்டிருந்தார். நான் சும்மா நிற்காமல் சொன்னேன்:

"ஏன்க்கா, ஆணிக்கு மேல பாருங்க, இலை எப்படி தளதளன்னு இருக்கு. ஆணிக்குக் கீழதான் வழுக்கை. நீங்க பாக்குற இடத்துலருந்து பயந்து ஓடிப்போகுதோ என்னவோ!"

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அக்கா சட்டத்தை எடுத்தார். ஆணியைப் பார்த்தார். பதினைந்து வருஷத்தில் செம்புத் தலை பச்சை பூத்திருந்தது. அங்கிருந்து நேர்கீழே, விரல் அகலத்தில் தொடங்கி இறங்க இறங்க அகலமாகி, மொட்டையாக ஒரு பட்டை. விரலை ஆணியில் வைத்து அதன் வழியே கீழே இழுத்துக்கொண்டு போனார். அப்புறம் முப்பத்தெட்டாம் மரத்துக்குப் போனார். முப்பத்தொன்பதுக்கு. நாற்பதுக்கு நான் பின்னாலேயே ஓடினேன். எல்லா மரத்திலும் ஆணிக்கு மேலே இலை, ஆணிக்குக் கீழே மொட்டை.

வேர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தோட்டத்துல பூஞ்சை வராம இருக்க என்ன மருந்து அடிப்பாங்க தம்பி?"

"செம்பு மருந்து."

"இது பாதி பூஞ்சைதானே."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மழைத்தண்ணீர் ஆணித் தலையில் விழுந்து, செம்பைத் துளித் துளியாகக் கரைத்துக்கொண்டு, பட்டை வழியே இறங்கியிருக்கிறது. பதினைந்து வருஷ மழை. இறங்குகிற வழியில்தான் சட்டம். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

"நான்தான் கொன்னிருக்கேன்" என்றார். அழவில்லை. ஒரு தகவலைச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தரை முழுக்கத் தாள்கள். கட்டம் கட்டமாக டிக் போட்ட பழைய அசல் தாள்கள். பேராசிரியருக்கு அனுப்பியது மொத்த எண்ணிக்கை மட்டும். எந்தக் கட்டம் என்பதை யாரும் கேட்டதில்லை. இப்போது பார்த்தால் கண்ணை உறுத்தியது. ஆணிக்கு நேர்கீழே இருந்த நெடுக்கு வரிசைதான் முதலில் செத்திருந்தது. பிறகு அதன் இரு பக்கத்து வரிசைகள். செம்பு அடித்த இரண்டாம் வருஷத்திலிருந்து அது தொடங்கியிருந்தது. பதினோராம் கூப்பை வெட்டியதும் அதே காலம்தான் என்பதால், எல்லாப் பழியையும் வெட்டின்மேல் போட்டிருந்தோம்.

மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கண் போன பிறகு அவர் வெட்டுவதில்லை, வெட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரி.

"எனக்காக அடிச்ச ஆணி" என்றார் என்னிடம். "கண்ணு போனது எனக்கு, காட்டுக்கும் சேத்துப் போச்சு."

நான் நடைமுறை பேசினேன். "யாருக்குத் தெரியும்க்கா? மூணு வாரம் வாயை மூடிக்கிட்டு இருங்க. தீர்ப்பு வந்ததும் சொல்லிக்கலாம். நல்ல காரியத்துக்காக ஒரு பொய்யி. ஓரத்துல வெட்டினதால குறைஞ்சது நெசந்தானே?"

"எவ்வளவு நெசம்னு எனக்கே தெரியலையே தம்பி."

பேராசிரியருக்குப் போன் செய்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இதை இப்பவே சொல்லியாகணுமாம்மா?" என்று மட்டும் கேட்டாராம். அக்கா போனை வைத்துவிட்டார்.

மிச்சமிருந்த நாட்களில் அறுபது மரத்தையும் மறுபடி எண்ணினார். இந்தத் தடவை சட்டத்தை ஆணியில் மாட்டவில்லை, செம்புத் தண்ணீர் படாத பக்கத்தில் கயிற்றால் கட்டினார். கிடைத்தது இதுதான்: பதினோராம் கூப்பை ஒட்டிய ஓரத்தில், சுமார் எழுபது அடி வரைக்கும், இலையில் பாதிக்கு மேல் செத்து அந்த இடத்தைப் பொருக்கு பிடித்திருந்தது. ஆக, பக்கத்தில் வெட்டியதன் கெடுதல் உண்மைதான். அதைத் தாண்டி உள்ளே லைக்கன் செழிப்பாக இருந்தது. உள்ளே குறைந்ததாக நாங்கள் எழுதியதெல்லாம் ஆணியின் வேலை.

எண்ணி முடித்த மரத்தில் ஆணியை அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை. "இன்னொரு மழைக்கு இது இருக்கக் கூடாது" என்றார். பிடுங்கினோம். ஆணிகளையும் தகடுகளையும் என்ன செய்வது என்று பார்த்தபோது, "கையில ஆதாரத்தோட போங்கக்கா, சும்மா வாயால சொன்னா நம்ப மாட்டானுங்க" என்றேன். ஆமாம், அதுவும் என் யோசனைதான். ஒரு பிஸ்கட் டின்னில் ஐம்பத்தொன்பது ஆணிகளும் ஐம்பத்தொன்பது தகடுகளும் சேர்ந்தன. முப்பத்தேழாம் மரத்தில் மட்டும் ஆணி வரவில்லை. பட்டை அதைக் கவ்விப் பிடித்திருந்தது. குறட்டால் இழுத்ததில் தலை ஒரு பக்கம் வளைந்ததுதான் மிச்சம். தகடும் அதிலேயே மாட்டிக்கொண்டது. இன்னொரு நாள் உளி கொண்டுவந்து எடுக்கலாம் என்று விட்டுவிட்டோம்.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. தண்ணீர் பாட்டில்கள், மைக், ஏசி. நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பிஸ்கட் டின்னை மேஜைமேல் திறந்து வைத்து, நடந்தது அத்தனையையும் சொன்னார். கணவரின் கண்ணிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. குழுவில் நடுவில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அப்ப பதினஞ்சு வருஷக் கணக்கு தப்பு. அப்படித்தானேம்மா?"

"உள்ள எடுத்தது தப்பு சார். ஓரத்துல குறைஞ்சது நெசம். புதுசா எண்ணிப் பாத்திருக்கேன், அந்தத் தாள்..."

"பழைய கணக்கைக் கேக்குறேன். தப்பா, இல்லையா?"

"தப்புதான்."

"உள்ள இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். ரொம்ப நல்லா இருக்கு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தன்னை மறந்து ஒரு சந்தோஷம் வந்தது. திட்ட அதிகாரி உடனே எழுந்தார்.

"பக்கத்துக் கூப்பை முழுசா வெட்டியும் பதினஞ்சு வருஷமா உள்ள ஒண்ணும் ஆகலைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. இதைத்தான் சார் நானும் சொல்லிட்டிருக்கேன்."

"பக்கத்துல வெட்டினா உள்ள சாகாது சார்" என்றார் அக்கா. "உள்ளயே வெட்டினா சாகும்."

யாருக்கும் புரியாத வாக்கியம் இல்லை அது. ஆனால் நடுவில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்தவரே வெண்ணெய்க்காக இருபத்திரண்டு வருஷம் கடைந்தவர். அதை அவர் தெரிந்தே செய்தார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது, வழியெல்லாம் பேசாமல் ஜீப்பை ஓட்டினேன். மரியாதை பிற்பாடுதான் வந்தது. டின்னை ஆதாரம் என்று சொல்லி வாங்கித் திட்ட அதிகாரி தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஒன்றரை மாதத்தில் உத்தரவு வந்தது. பன்னிரண்டாம் கூப்பை வெட்டலாம். அது அக்காவுக்கு வரவில்லை, வெட்டுகிற ஆட்களுக்குப் போயிற்று. திங்கட்கிழமை காலையில் காட்டில் வைத்து மாமா அதைப் படித்திருக்கிறார். கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: எண் தகடு உள்ள மரங்களும், தகட்டுக்குத் தகடு போகும் கோட்டை ஒட்டிய மரங்களும் நீங்கலாக. குழு அக்காவின் அறுபது மரங்களையும், அவற்றின் இடையிலும் இருபுறமும் நிற்கிற மரங்களையும் விட்டுவைக்கச் சொல்லியிருந்தது. நேர்மையாகப் பேசிய பெண்மணிக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று அந்த நடுவில் இருந்தவரே சேர்த்தாராம். காட்டில் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஓர் அகலப் பட்டை அப்படியே நின்றிருக்கும். இலைக்கும் தாடிக்கும் அது போதும்.

தகடுகள் அலமாரியில் இருந்தன.

மாமா திட்ட அதிகாரிக்குப் போன் செய்தார். அவர் வெளியூரில் பயிற்சி வகுப்பில் இருந்தார்.

"மரத்துல தகடு இருக்கா?"

"இல்ல சார். கழட்டி உங்ககிட்டதான் குடுத்திருக்காங்க. ஆணி அடிச்ச ஓட்டை இருக்கு, நான் ஒவ்வொண்ணாக் காட்டுறேன்."

"உத்தரவுல ஓட்டைன்னா போட்டிருக்கு? வந்து பேசிக்கலாம். வேலையை நிறுத்தாதீங்க."

மாமா அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். நாங்கள் அலுவலகத்துக்கு ஓடினோம். அலமாரிச் சாவி அதிகாரியிடம், அவரோ அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. அவருடைய எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பூட்டை உடைக்க யாருக்கும் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை, வேறு யாரைச் சொல்ல. அன்றைக்கு முழுக்க அந்தப் பச்சை இரும்பு அலமாரிக்கு எதிரில் ஒரு ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தார். மறுநாளும் உட்கார்ந்திருந்தார். உள்ளே டின் இருக்கிறது, கைநீட்டினால் தொடுகிற தூரம்தான். புதன்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். "சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே" என்று டின்னை எடுத்துக் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார்.

நான் ஜீப்பை அப்படி ஓட்டியதில்லை. டின் அக்காவின் மடியில் கலகலத்துக்கொண்டே வந்தது. புதிதாக வாங்கிய அலுமினிய ஆணிகள் பையில் இருந்தன. ஓட்டைகளில் மறுபடி அடித்துவிட்டால் போதும்.

மாமா வேலையை மறுகோடியிலிருந்து ஆரம்பித்து முடிந்தவரைக்கும் இழுத்துப் பார்த்திருக்கிறார். ஆனால் லாரி உள்ளே வர வழி வேண்டுமே. சூப்பர்வைசர் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஒரு நல்ல தடம் இருக்கிறதே என்று அக்கா நடந்து நடந்து உண்டாக்கிய தடத்தைக் காட்டியிருக்கிறான். அதன் இரண்டு பக்கமும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆரம்பித்து, புதன்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது.

நிழல் இருந்த இடத்தில் வானம் இருந்தது. அடிமரங்கள் ஈரமாக, மஞ்சளாகக் கிடந்தன. விழுந்த மரங்களின் பட்டையில் இலை லைக்கன் இன்னும் பச்சையாகவே இருந்தது. அதற்குத் தெரிய நாளாகும். நடுவில் ஒரே ஒரு மரம் நின்றது. முப்பத்தேழு. ஆணி வளைந்து, தகடு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா அதன் அடியில் நின்றார். அக்கா டின்னைப் பிடித்தபடி அவரிடம் போனார். வழக்கமாகப் போகிற வலது பக்கம் போகவில்லை, நேரே எதிரில் போய் நின்றார்.

"ஒவ்வொரு மரத்துலயும் தடவித் தடவி ஓட்டையைப் பாத்தேன்" என்றார் மாமா. "பாத்துட்டுத்தான் வெட்டச் சொன்னேன். இதுல மட்டும் தகடு இருந்துச்சு. ஒத்தைத் தகட்டை வெச்சுக்கிட்டு எங்கருந்து கோடு போட?"

அந்த ஒற்றைக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அக்கா புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

சர்வேயை மூடிவிட்டார்கள். அக்காவை அலுவலகத்தில் தபால் பிரிக்கிற வேலையில் உட்கார வைத்தார்கள். லென்ஸ் கழுத்தில்தான் இருந்தது, பொடி எழுத்து முகவரி படிக்க உதவியது. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, "தம்பி, வண்டியில ஏதாவது சத்தம் வருதா, ஒரு சுத்து ஓட்டிப் பாக்கணுமா?" என்று கேட்பார். எனக்குப் புரியும். சட்டத்தை எடுத்துக்கொண்டு போய் முப்பத்தேழாம் மரத்தில், அதே வளைந்த ஆணியில் மாட்டுவார். யாரும் கேட்காத தாளில் டிக் போடுவார். அந்த ஆணியைப் பிடுங்குவதற்கு உளியை அவர் கொண்டுவரவே இல்லை. தனிமரம் தோப்பாகாது என்று சொல்வார்கள். முதல் வருஷம் ஆணிக்கு மேலே இலை சுருண்டிருந்தது. இரண்டாம் வருஷம் வெளுத்திருந்தது.

மூன்றாம் வருஷம் போனபோது, சட்டத்தை மாட்டிவிட்டு லென்ஸைக் கண்ணில் வைத்தவர் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. ஏணியில் ஏறி ஆணிக்கு மேலேயும் பார்த்தார். இறங்கி வந்து தாளை மடித்தார்.

"அன்னிக்கு நீ சொன்னியே தம்பி, மேல ஒரு மாதிரி கீழ ஒரு மாதிரி இருக்குன்னு" என்றார். "இப்ப ரெண்டும் ஒண்ணுதான்."